சேது ரோட்டின் மறுமுனை

ஒரத்தநாட்டில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி முத்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி கட்டியது. வடக்கேயிருந்து ராமேஸ்வரத்துக்கு நடந்தே போனவர்கள் அங்கே தங்கிச் சாப்பிட்டு, கால் வீக்கம் வடிந்த பிறகு கிளம்புவார்களாம். அதற்கப்புறம் கடலோரமாய் ராஜாமடம், சேதுபாவாசத்திரம், மணமேல்குடி, மீமிசல் என்று வரிசையாகச் சத்திரங்கள். ஊரை விட்டுத் தெற்கே போகிற சாலைக்கு என் அப்பாயி கடைசிவரை ஒரே பெயர்தான் சொன்னாள்: சேது ரோடு.

நான் ராமேஸ்வரத்துக்கு ஐந்து முறை போயிருக்கிறேன். ஐந்து முறையும் ராத்திரி பஸ்ஸில் தூங்கி, விடியலில் இறங்கி, தலையை நனைத்துவிட்டு அன்றைக்கே திரும்பியாயிற்று. நடுவில் ராமநாதபுரம் என்றொரு ஊர் ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் விளக்குகளாய்க் கடந்து போகும். சேதுபதிகள் இருந்து ஆண்ட ஊர் அது. சேதுவுக்குப் போகிற ஜனங்களுக்கு வழித்துணையாய் இருப்பதையே பட்டப்பெயராக வைத்துக்கொண்ட வம்சம். அந்த வாசலைத் தாண்டித் தாண்டி ஓடியிருக்கிறோமே என்ற உறுத்தல் வெகுநாளாக இருந்தது. இந்த மாசியில் நான்கு நாள் ஒதுக்கினேன். ஊருக்கு ஊர் பஸ்ஸில் போவது, ஊருக்குள் நடப்பது. ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்க்காரர் ஒருவர் துணைக்கு வருவது.

ராமநாதபுரம்

"தாயி, கொடை இருக்கா? தண்ணி இருக்கா? இருந்தா நடந்துரலாம்."

அரண்மனை வாசலில் காலை ஆறரை மணிக்கு எனக்குக் கிடைத்த வரவேற்பு இது. அவர் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். எழுபதைத் தாண்டியவர். வெள்ளை வேட்டி, ரப்பர் செருப்பு, கையில் ஒரு மஞ்சள் பை. ஒரு நேரத்தில் ஒருவரையோ ஒரு குடும்பத்தையோதான் கூட்டிக்கொண்டு நடப்பார். ஏன் ஐயா என்று கேட்டேன். "இருபது பேரச் சேத்தா கூட்டந்தான் தெரியும், ஊரு தெரியாது" என்றார்.

அரண்மனை எதிரிலேயே இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "அது எங்கயும் போயிறாது. மொதல்ல தண்ணியப் பாத்துட்டு வருவோம்."

கேணிக்கரைப் பக்கம் நடந்தோம். கேணிக்கரை, நீலகண்டி ஊருணி, முகவை ஊருணி, லட்சுமிபுரம் ஊருணி. இந்த ஊரில் விலாசம் சொன்னாலே தண்ணீர் வந்துவிடுகிறது. எங்கள் பக்கம் ஆற்றைத் திறந்தால் வாய்க்கால், வாய்க்கால் வழியாகக் குளம். கல்லணைக் கால்வாயைப் புதாறு என்போம்; அது வரும், நாங்கள் காத்திருந்தால் போதும். இங்கே வரும் ஆறு ஒன்றே ஒன்று, வைகை. அதுவும் இந்த ஊர்ப் பெரிய கண்மாயோடு முடிந்துபோகிறது. கடலைப் பார்ப்பதே அபூர்வம். அதனால் வானத்திலிருந்து விழுவதை விழுந்த இடத்திலேயே பிடித்து வைக்க வேண்டியிருந்தது. பாசனத்துக்குக் கண்மாய், குடிக்க ஊருணி. ஊர் உண்ணும் நீர் என்று வாத்தியார் பிரித்துச் சொன்னபோது, இத்தனை வருஷம் அந்தச் சொல்லைக் காதில் மட்டும் வாங்கியிருக்கிறேன் என்று தெரிந்தது.

ஒரு ஊருணிப் படிக்கட்டில் உட்கார்ந்தோம். மேல்படிகள் தேய்ந்து நடுவில் குழிந்திருந்தன. குடத்தோடு இறங்கி ஏறிய பாதங்களின் தேய்மானம். அடியில் கொஞ்சம் தண்ணீர், கரையோரம் பிளாஸ்டிக் குப்பை. அதைப் பார்த்ததும் அவர் குரல் தாழ்ந்தது. "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திப்புடுவேன்னு ஆபீஸர்மாரு மெரட்டுவாக பாத்தியளா, அந்தக் காடு இதுதான். எம் பிள்ளைக முன்னாடியே அதச் சொன்ன ஆளுக உண்டு. தண்ணி இல்லாத ஊரு இல்ல தாயி இது. தண்ணி எங்க கெடக்குன்னு தெரிஞ்சவுக பொழைச்ச ஊரு."

பிறகுதான் அரண்மனை. ராமலிங்க விலாசம் வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணமாய்த்தான் இருக்கிறது. உயர்ந்த மேடை, ஏறிப்போகப் படிகள், உள்ளே நீளமாய்த் தூண்கள் நிற்கும் மண்டபம், கடைசியில் கருவறைபோல ஓர் அறை. அரண்மனையைக் கோயில் அமைப்பில் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கடைசி அறைக்கு ராமர் பீடம் என்று பெயர்; சேதுபதிகளுக்குப் பட்டம் கட்டிய இடம் அதுதான் என்கிறார்கள். கட்டியவர் ரகுநாத சேதுபதி. 1710இல் மறைந்தார். நெடுங்காலம் ஆண்டதால் ஜனங்கள் வைத்த பெயர் கிழவன் சேதுபதி. தலைநகரைப் போகலூரிலிருந்து இங்கே கொண்டுவந்தவரும் அவர்தான். வாத்தியாருக்கு அவர்மேல் தனிப் பிரியம். ஆனாலும் 1693இல் ஜான் டி பிரிட்டோ பாதிரியார் ஓரியூரில் தலை வெட்டப்பட்டது இவருடைய ஆட்சியில்தான் என்பதையும் அவர் விழுங்கவில்லை. "நல்லவுகளச் சொல்லும்போது இதையுஞ் சேத்துத்தான் சொல்லணும்" என்றார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான்.

சுவரெல்லாம் ஓவியம். கிழவனுக்கு அடுத்து வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் முதல் கால் பகுதியில் தீட்டியவை. ராமாயணமும் பாகவதமும் இருக்கின்றன. ராஜராஜேஸ்வரி அம்மன் கையிலிருந்து சேதுபதி செங்கோல் வாங்குகிறார். தொப்பி வைத்த ஐரோப்பியர்கள் வந்து பார்க்கிறார்கள். ஓரிடத்தில் வாத்தியார் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது யாரு தெரியுதா? ஒங்க ஊருக்காரவுக."

தஞ்சை மராட்டியரோடு சேதுபதி படை மோதும் காட்சி. எதிர்ப்பக்கத்து ராஜா முதலாம் சரபோஜி. கிட்டே போய்ப் பார்த்தேன். காவி சிவப்பு இன்னும் மங்கவில்லை. சுண்ணாம்பு உதிர்ந்த இடங்களில் ஒரு வீரனுக்குத் தோளுக்கு மேல் ஒன்றுமில்லை. இன்னொருவனுக்கு மீசை மட்டும் அப்படியே முறுக்கோடு நிற்கிறது. இந்தச் சண்டை நடந்த காலத்திலும் காசியிலிருந்து கமண்டலத்தில் கங்கை நீரைத் தூக்கிக்கொண்டு யாரோ நடந்து வந்திருப்பார்கள். இரண்டு படைக்கும் நடுவில் எப்படிக் கடந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

1798 செப்டம்பரில் கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்ததும் இங்கேதான். ஊர் ஊராய் அலையவைத்து, இங்கே வரவழைத்து, நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் செத்தான். கட்டபொம்மன் தப்பித்துப் போனார். அந்தக் கதை சினிமாவால் எல்லோருக்கும் தெரியும். வாத்தியார் அதை ரெண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டு, யாருக்கும் தெரியாத இன்னொருவரிடம் வந்தார். முத்துராமலிங்க சேதுபதி. கைக்குழந்தையாய் இருக்கும்போதே பட்டம். 1772இல் நவாபுக்காக வந்த ஆங்கிலேயப் படை கோட்டையைப் பிடித்து, பிள்ளையையும் தாயையும் திருச்சியில் சிறைவைத்தது. 1781இல் விட்டார்கள். 1795இல் மறுபடி பிடித்தார்கள். 1809இல் சென்னையில் சிறையிலேயே உயிர் போயிற்று. "ராமேஸ்வரத்துல மூணாம் பிரகாரத்துல நடப்பிய இல்ல, அப்ப இவர நெனச்சுக்கங்க தாயி. அது இவரு காலத்துல முடிஞ்ச வேலை."

மத்தியானம் அவர் வீட்டில் சாப்பாடு. வாத்தியாரின் சம்சாரம் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். வரும் வழியில் சாலையோரம் தார்ப்பாயில் குண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. இலந்தைப் பழம் அளவில், தடித்த தோலோடு, கருஞ்சிவப்பில் உருண்டு கிடந்தது. முண்டு மிளகாய் என்றும் சொல்கிறார்கள். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நம் ஊர்ச் சம்பா மிளகாய் நுனிநாக்கில் சுட்டுவிட்டுப் போய்விடும். இது மெதுவாக ஆரம்பித்து, சாப்பிட்டு முடித்துக் கைகழுவிய பிறகும் தொண்டையில் உட்கார்ந்திருக்கிறது. "மானம் பாத்து வெளையிற காய், அப்பிடித்தான் இருக்கும்" என்று அந்த அம்மா இன்னொரு கரண்டி ஊற்றினார்.

கீழக்கரை

மறுநாள் தெற்கே. வழியில் திருப்புல்லாணி. ராமர் தர்ப்பைப் புல்லில் படுத்துக் கடலரசனிடம் வழி கேட்ட தலம். ஆதிஜெகந்நாதரைச் சேவித்துவிட்டு, பாயசப் பிரசாதம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

கீழக்கரையில் வாத்தியார் என்னை இன்னொருவரிடம் ஒப்படைத்தார். முத்து, சங்கு வியாபாரம் பார்த்த குடும்பத்துப் பெரியவர். ஊரே அவரைக் காக்கா என்கிறது; நானும் அப்படியே கூப்பிட்டேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் 'மாமா', 'மச்சான்' என்றுதான் பேசிக்கொண்டார்கள். நான் ஆச்சரியமாகப் பார்ப்பதைக் கவனித்த காக்கா, "இது இன்னக்கி நேத்து வந்த பேச்சு இல்லம்மா. பெரியதம்பி மரைக்காயரும் கெழவரும் பேசிக்கிட்ட பேச்சு" என்றார்.

பெரியதம்பி மரைக்காயர்தான் நாம் பள்ளிக்கூடத்தில் படித்த சீதக்காதி வள்ளல். கப்பல் வணிகர், கிழவன் சேதுபதியின் நண்பர். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடத் துணை நின்றவர். படிக்காசுப் புலவரும் அவரை நாடி வந்தவர். அவர் கட்டிய ஜும்மா பள்ளியின் வாசலில், அனுமதி கேட்டு, ஓரமாக நின்று பார்த்தேன். என் கண்ணுக்கு அது முதலில் கோயில் மண்டபமாகத்தான் பட்டது. கல்தூண்கள், போதிகைகள், மேலே கல் பாவிய கூரை. தூணில் உருவம் இல்லை. பூவும் கொடியும் இதழும்தான். திருப்புல்லாணியிலும் இங்கும் உளி பிடித்தவர்கள் ஒரே மரபில் தொழில் கற்றவர்களாய்த்தான் இருக்க வேண்டும். இங்கே அவர்கள் பூவோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே சீதக்காதியின் அடக்கத்தலம். செத்த பிறகும் கொடுத்தவர் என்ற சொலவடைக்குரியவர் இத்தனை எளிமையாக இருக்கிறார்.

தெருக்கள் ஒடுக்கமானவை. எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டும். ஒரு வீட்டிலிருந்து கருப்பட்டி காயும் வாசனை வந்தது. காக்கா குரல் கொடுத்ததும் ஒரு பெண்மணி கதவைத் திறந்து என்னை மட்டும் உள்ளே அழைத்தார். பின்கட்டில் பெரிய சட்டியில் தொதல் கிண்டிக்கொண்டிருந்தார்கள். அரிசிமாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி. அடுப்பை எரியவிட்டுக் கையை நிறுத்தாமல் மணிக்கணக்காய்க் கிண்ட வேண்டும். நான் போனபோது அது கொதிக்கும் சேறுபோலக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க நிறம் ஆழ்ந்து, சட்டியின் ஓரத்தில் தேங்காயெண்ணெய் பிரிந்து மினுங்கியது. மொத்த உருண்டையும் அகப்பையோடு ஒன்றாய்ப் புரள ஆரம்பித்ததும், "இதுதான் பதம்" என்று சட்டியை இறக்கினார்கள். சூட்டோடு ஒரு துண்டு கையில் வைத்தார்கள். எங்கள் வீட்டு அசோகா அல்வா வாயில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு போகும். இது பல்லைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. இதே பண்டம் கிட்டத்தட்ட இதே பெயரில் இலங்கையிலும் மலேசியாவிலும் இருக்கிறது. கப்பல் போன வழியை அந்தச் சட்டியை வைத்தே வரைந்துவிடலாம்.

கிளம்பும்போது அந்தப் பெண்மணி ஓலைப்பெட்டியில் கொஞ்சம் வைத்துக் கொடுத்து, "சேதுவுக்குப் போறியளாமே, வழியில சாப்புடுங்க" என்றார்.

பாம்பன்

பாலத்தில் இறங்கி நடந்தேன். 1988இல் திறந்த சாலைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தால், பக்கத்திலேயே இரண்டு ரயில் பாலங்கள். 1914இல் திறந்த பழையது துருவேறிச் சும்மா நிற்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதியதில் ரயில் ஓடுகிறது. பழையதில் கப்பல் வந்தால் நடுவிலிருக்கும் இரண்டு கைகளையும் ஆட்கள் நெம்பிச் சுழற்றி விரிப்பார்கள். புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று மின்தூக்கிபோல நேராக மேலே போகிறது. பழைய பாலத்தின் 145 கண்களில் 126ஐ 1964 புயல் அடித்துப்போனது. அதை ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் திரும்ப நிறுத்தினார். பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டிய அதே ஸ்ரீதரன்தான்.

காற்று முந்தானையைப் பிடுங்கியது. வடக்கே பாக் நீரிணை, பச்சையாய், சிலிர்ப்புக்கூட இல்லாமல். தெற்கே மன்னார் வளைகுடா, கருநீலமாய், வெள்ளை நுரையோடு. இந்தப் பக்கத்து மீனவர்கள் வடக்கைப் பெண் கடல் என்கிறார்கள், தெற்கை ஆண் கடல். சிகாகோவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26இல் கரையேறியது இதற்குப் பக்கத்தில் குந்துகாலில். அவரைச் சிகாகோவுக்குப் போகத் தூண்டியவர்களில் ஒருவர் பாஸ்கர சேதுபதி. திரும்பியவரைக் கரையில் நின்று வரவேற்றதும் அவர்தான்.

ராமேஸ்வரம்

அக்னி தீர்த்தம் என்பது கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே அலை அடங்கிய கடல். முதலில் அங்கே முழுக்கு. பிறகு ஈரச் சேலையோடு உள்ளே, 22 தீர்த்தங்கள். போன ஐந்து முறையும் கூட்டத்தோடு ஓடி, எந்தக் கிணறு எது என்று தெரியாமல் நனைந்திருக்கிறேன். இந்த முறை அதிகாலையில் வாளியோடு ஒரு தம்பி துணைக்கு வந்தார். கிணற்று விளிம்பில் ஒற்றைக் காலை ஊன்றி, வாளியைக் கவிழ்த்து விட்டு, கயிற்றை ஒரு சுண்டு சுண்டி நிரப்பி, இரண்டே இழுப்பில் மேலே கொண்டுவருகிறார். அவருடைய அப்பாவும் இதே வேலைதான் பார்த்தாராம். உள்ளங்கையில் கயிறு ஓடிய தடம் ரேகைக்குக் குறுக்கே காய்த்துக் கிடந்தது.

"அவசரப்படாதீங்கக்கா. தலையில ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு கை குடிங்க."

மகாலட்சுமி, சாவித்திரி, காயத்ரி, சரஸ்வதி. பிறகு சேதுமாதவக் குளம். நளன், நீலன், கவயன், கவாட்சன் என்று பாலம் கட்டிய வானரங்களின் பெயரில் கிணறுகள். சங்கு, சக்கரம், சூரியன், சந்திரன், கங்கை, யமுனை, கயை. ஒவ்வொன்றிலும் ஒரு கை குடித்தேன். அவர் சொன்னது சரிதான். ஒன்று லேசாய் உப்பு, ஒன்று இளநீர்போல, ஒன்றில் இரும்பு வாடை. சுற்றிலும் கடல் இரைகிறது. பத்தடி தள்ளிப் பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் வேறு வேறு ருசியில் நல்ல தண்ணீராய் நிற்கிறது. ராமநாதபுரத்து ஊருணிப் படிக்கட்டில் கேட்ட பேச்சு ஞாபகத்துக்கு வந்தது. கோடி தீர்த்தத்தில் கடைசி வாளி விழும்போது நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். குளிரால் மட்டுமல்ல.

உடை மாற்றிக்கொண்டு மூன்றாம் பிரகாரத்தில் தனியாக நடந்தேன். 1212 தூண்கள். கிழக்கு மேற்காய் 690 அடி, வடக்கு தெற்காய் 435 அடி. எண்களாகச் சொன்னால் இவ்வளவுதான். நிஜத்தில், ஒரு முனையில் நின்றால் மறுமுனையில் வருகிற ஆள் கட்டைவிரல் உயரம் இருக்கிறார். நடக்க நடக்கத்தான் அவருக்கு முகம் முளைக்கிறது. இது மணல் தீவு. இத்தனை கல்லும் கடல் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். வெயிலும் மழையும் படாமல், ஆயிரம் மைல் நடந்து வந்த காலுக்கு நிழலும் குளிர்ந்த தரையும். வாத்தியார் சொன்னபடி முத்துராமலிங்க சேதுபதியை நினைத்துக்கொண்டேன். இத்தனை நீளமான நடைபாதை முடிந்தது யார் காலத்திலோ, அவர் வாழ்நாளில் கிட்டத்தட்டப் பாதி நாலு சுவருக்குள் போயிற்று. ஒரு சுற்று அவருக்காகவே நடந்தேன்.

சாயங்காலம் பள்ளிவாசல் தெரு. கலாம் வளர்ந்த வீட்டின் முன் வரிசை நின்றது. அவருடைய அப்பா ஜைனுலாப்தீனும் கோயில் குருக்கள் பட்சி லட்சுமண சாஸ்திரியும் உட்கார்ந்து பேசிய தெருக்கள் இவை. தெருமுனைக் கடையில் டீ குடித்துவிட்டுச் சீக்கிரமே படுத்துவிட்டேன்.

தனுஷ்கோடி

ராமேஸ்வரத்திலிருந்து தென்கிழக்கே போகப் போக நிலம் மெலிகிறது. முகுந்தராயர் சத்திரம், மூன்றாம் சத்திரம். இங்கேயும் சத்திரங்கள்! கட்டடங்கள் போய்ப் பெயர்கள் மட்டும் மணலில் நிற்கின்றன. ஒரத்தநாட்டில் ஆரம்பித்த வரிசையின் கடைசி மணிகள் இவை.

தனுஷ்கோடியில் எனக்குத் துணை ஒரு மீனவப் பெண். அவருடைய மாமியார் 1964இல் தப்பித்தவர். டிசம்பர் 22 ராத்திரி கடல் ஏறியது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் ஊருக்குள் நுழையும் முன்பே ஜனங்களோடு போய்விட்டது. அதற்கு முன் ஐம்பது வருஷம் இது துறைமுகம். சென்னை எழும்பூரில் போட்மெயில் ஏறினால் இங்கே இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், மறுபடி ரயிலேறிக் கொழும்பு. இப்போது மாதா கோயிலின் சுவர்கள், ஸ்டேஷனின் தண்ணீர்த் தொட்டி. சுவரை விரலால் தொட்டேன். பவளப் பாறையை அறுத்து அடுக்கியிருக்கிறார்கள். காரை உதிர்ந்த இடத்தில் தேன்கூடுபோல நுண்ணிய கண்கள். கடலுக்குள் வளர்ந்த கல்லை எடுத்துக் கட்டிய ஊரைக் கடல் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறது.

"ஊரு குடியிருக்க லாயக்கில்லன்னு கவர்மென்ட்டு எழுதிருச்சு. நாங்க இருக்கோம்ல?" என்றார் அவர். ஓலைக் குடிசைகள், கரைவலை, காயும் நெத்திலி.

தாகமாய் இருந்தது. என் பாட்டில் காலி. அவர் சிரித்துக்கொண்டே குடிசைகளுக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கிருந்து பார்த்தால் இடது பக்கம் பெண் கடல், வலது பக்கம் ஆண் கடல். இரண்டும் கூப்பிடு தூரம். மணலில் ஒரு குழி, பலகை போட்டு மூடியிருந்தது. பலகையை நகர்த்தி, மண்டியிட்டு, கையை முழங்கை வரை விட்டு மணலை வழித்து எடுத்தார். அடியில் ஈரம் கறுத்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு நாலு பக்கமும் மணலின் கண் திறந்து தண்ணீர் கசிந்து, கலங்கி, எங்கள் கண்முன்னாலேயே தெளிந்தது.

"ஊத்துத் தண்ணி. உப்பேறுச்சுன்னா இதத் தூத்துட்டு அங்கிட்டு ஒண்ணு தோண்டிக்குவோம்."

மணலில் இறங்கிய மழை, கனமான உப்புநீரின் மேல் மெல்லிய ஏடாக மிதந்து நிற்கிறது. ஆழத் தோண்டினால் உப்பு. இவ்வளவுதான் தோண்ட வேண்டும் என்ற கணக்கு இவர்கள் கையில் இருக்கிறது. தேங்காய்ச் சிரட்டையால் தளும்பாமல், அடிமணல் கலங்காமல் மொண்டு என்னிடம் நீட்டினார். வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். பனங்கிழங்கின் வாசனைபோல ஏதோ ஒன்று அதில் இருந்தது. உப்பு துளிகூட இல்லை. கீழக்கரை ஓலைப்பெட்டியைத் திறந்து மீதித் தொதலை இரண்டாகப் பிட்டேன். ஆளுக்குப் பாதி.

தென்கிழக்கே வெயிலில் சாலை வெள்ளையாய் நீண்டு கிடந்தது. அவர் அடுத்த சிரட்டையை மொண்டார்.

"இன்னொண்ணு குடிச்சுக்கங்கக்கா. அரிச்சமுனை வரைக்கும் நெழலே கெடையாது."